அம்மாவின் வீட்டை விற்கிறோம், பணம் யார் கணக்குக்குப் போக வேண்டும்?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். 1984-ல் அப்பா, அம்மா பெயரிலேயே வாங்கிய வீடு அது. அப்பா தவறி மூன்று வருடமாகிறது. போன மாதம் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். சென்னையில் என்னோடு வந்து இருக்கச் சொல்கிறேன், அரை மனதாகச் சம்மதித்திருக்கிறார். வீட்டை ஒருவர் 60 லட்சத்துக்குக் கேட்கிறார். அதில் 25 லட்சம் ரொக்கமாகத் தருவாராம். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, "என் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டால் நானே விற்றுக்கொள்கிறேன், அம்மாவை அலைய வைக்க வேண்டாம்" என்கிறான். அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் மாதம் 18,000 ரூபாய் வருகிறது. எப்படிச் செய்வது நல்லது?

- வாசகி, சென்னை

பதில்: வரியைப் பிறகு பார்ப்போம். அம்மா "அரை மனதாக" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் மூன்று மாதம் அம்மாவைச் சென்னையில் வைத்துப் பாருங்கள். வீடு பூட்டியே கிடக்கட்டும். நாற்பது வருடம் வாசலில் கோலம் போட்டவர், உங்கள் ஃபிளாட்டின் நாலு சுவருக்குள் எப்படி இருக்கிறார் என்று அப்போதுதான் தெரியும். விற்ற பிறகு "ஊருக்கே போகிறேன்" என்று அவர் சொன்னால் திரும்பிப் போக இடம் இருக்காது. இந்த ஆள் போனால் இன்னொருவர் வருவார்.

தம்பி சொல்லும் வழி வேண்டாம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். செட்டில்மென்ட் எழுதிய நிமிடத்தில் வீடு அம்மாவுடையது இல்லை. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை கவனிக்காமல் விட்டால், 2007-ம் வருட மூத்த குடிமக்கள் சட்டப்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் அதற்குள் வீடு வேறொருவருக்குக் கைமாறியிருந்தால்? தவிர, வெளிநாட்டில் குடியிருப்பவர் விற்றால் வாங்குபவர் விலையில் வழக்கமாகப் பிடிக்கும் 1 சதவீதம் அல்ல, அதைவிடப் பல மடங்கு வரி பிடித்தாக வேண்டும். கீழே சொல்லப்போகும், பணவீக்கத்தைச் சேர்த்துக் கணக்கிடும் சலுகையும் அவருக்குக் கிடைக்காது. அம்மாவே கையெழுத்துப் போடட்டும். பதிவுக்கு ஒருநாள் போய்வந்தால் போதும்.

ரொக்கம் கூடவே கூடாது. வீடு விற்பதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 25 லட்சம் வாங்கினால் அபராதமும் 25 லட்சம், அது அம்மா தலையில்தான் விழும். அந்தப் பணத்தை வங்கியிலும் போட முடியாது, பீரோவில்தான் வைக்க வேண்டும். வாங்குபவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்றால், பத்திரத்தில் 35 லட்சம் காட்டினால் அவருக்கு முத்திரைத் தீர்வை குறையும். அவருடைய மிச்சத்துக்கு உங்கள் அம்மா ஆபத்தைச் சுமக்க வேண்டுமா?

சரி, வரிக்கு வருவோம். 2001-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், 2001 ஏப்ரல் 1 அன்று அதன் மதிப்பு என்னவோ அதையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அம்மா இந்தியாவில் வசிப்பவர் என்பதால் இரண்டு கணக்கில் எது குறைவோ அதைக் கட்டலாம்: பணவீக்கத்தைச் சேர்க்காமல் லாபத்தில் 12.5 சதவீதம், சேர்த்து 20 சதவீதம். 2001-ல் மதிப்பு 10 லட்சம் என்றால் முதல் கணக்கில் வரி 6.25 லட்சம். 2025-26-ன் பணவீக்கக் குறியீடான 376-ஐ வைத்துப் போட்டால் வாங்கிய விலை 37.6 லட்சமாகி, வரி 4.48 லட்சம்தான். அதுவே 5 லட்சம் மதிப்பென்றால் தலைகீழ்: முதல் கணக்கில் 6.87 லட்சம், இரண்டாவதில் 8.24 லட்சம். இதற்கு மேல் 4 சதவீத செஸ், அந்த வருட மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியும் சேரும். அதனால் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001 மதிப்பை எழுத்தில் வாங்குவதுதான் முதல் வேலை.

வரியே வேண்டாம் என்று ஆர்இசி, பிஎஃப்சி போன்ற அரசு நிறுவனங்களின் கடன் பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் போடச் சொல்வார்கள். 50 லட்சம் வரை போடலாம். வட்டி 5.25 சதவீதம், ஐந்து வருடம் தொட முடியாது, அடகு வைக்கவும் முடியாது. 12.5 சதவீத வரியைக் கட்டிவிட்டு மீதியை 8.2 சதவீதம் தரும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து வருட முடிவில் பத்திரம் நூறு ரூபாய்க்கு மூன்று, நாலு ரூபாய்தான் முன்னே நிற்கிறது. 76 வயதில், ஆஸ்பத்திரிச் செலவு எப்போது வருமோ தெரியாத நிலையில், அந்த நாலு ரூபாய்க்காக எல்லாப் பணத்தையும் பூட்டி வைக்க நான் சொல்ல மாட்டேன். சேமிப்புத் திட்டத்தை இடையில் முடித்தால் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் பணம் கைக்கு வரும்.

அதில் உச்சவரம்பான 30 லட்சத்தைப் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். பென்ஷனோடு சேர்த்தால் மாதம் 38,500. விற்ற வருடம் கழிந்த பிறகு, இந்த அளவு வருமானத்துக்குப் புதிய வரி முறையில் வரி வராது. மீதியில் 5 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள், மற்றதை இரண்டு மூன்று எஃப்டியாகப் பிரித்துப் போடுங்கள். எல்லாம் அம்மா பெயரில்தான். நீங்களும் தம்பியும் நாமினியாக இருங்கள். இந்தப் பணத்தில் உங்கள் ஹோம் லோனை அடைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

அப்புறம் ஆவணங்கள். தாய்ப் பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது எல்லாம் அம்மா பெயரில் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், இனிஷியல் உட்பட. வில்லங்கச் சான்று எடுங்கள். அம்மாவின் பான், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்குபவர் 1 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிக்க வேண்டியிருக்கும். 60,000 போக வேண்டிய இடத்தில் 12 லட்சம் முடங்கிவிடும்.

கிரய ஒப்பந்தத்தில், பதிவுக்குப் பிறகு வீட்டைக் காலி செய்ய ஒரு மாத அவகாசம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பரணில் இருக்கும் பித்தளைப் பாத்திரங்களில் எது யாருக்கு என்று அம்மாவே நிதானமாகப் பிரித்துக் கொடுக்கட்டும்.