எழுத்து தெரியுது, வாசிக்க வரல: ஒண்ணாப்பு டீச்சருக்கு பதில்

டீச்சர், அ அம்மா ஆ ஆடுன்னு பாட்டா ஒப்பிக்குதுவ, போர்டுல படம்னு எழுதுனா முழிக்குதுவன்னு கேட்டிருந்தீங்க, அது பிள்ளைங்க தப்பும் இல்ல உங்க தப்பும் இல்ல, வரிசை தான் தப்பு. 247 எழுத்தும் முடியட்டும் பெறவு வார்த்தைன்னு காத்திருக்காதீங்க. நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஒண்ணாப்பு எடுக்கேன், மொதல்ல ட, ப, ம மூணும் புள்ளியும் தான், அதுலயே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துரும், பெறவு கால் போட்டா பாடம், மாடம். படத்துல ட மெதுவா வரும் பட்டத்துல அழுத்தி வரும், அத வெளக்கவே வேண்டாம், தெரிஞ்ச வார்த்தைன்னா பிள்ளை வாய் தானா சரியா சொல்லிரும்.

கொம்பு கிட்ட மட்டும் நிதானமா போங்க. எழுத்துல முன்னாடி நிக்கும், சத்தம் பின்னாடி வரும், அதான் தடுமாறும். எங்க கிளாஸ்ல ஒரு பய பெட்டின்னு வாசிக்க வெரல கொம்பு மேல வச்சிட்டு அப்படியே நின்னுட்டான், புளியங்கொட்டைய குடுத்து தரையில மொதல்ல ப அடுக்கு, பெறவு அதுக்கு முன்னால கொம்ப வையின்னேன், ப... பெ... பெட்டின்னு வந்துட்டு, எனக்கு கண்ணு கலங்கிட்டு.

நம்ம பக்கத்து பிள்ளை பழத்த பளம்னு தான் சொல்லும், வாசிக்கும்போது நடுவுல நிறுத்தி திருத்தாதீங்க, பயந்து வாய மூடிக்கும்.

வெள்ளிக்கிழமை ஒவ்வொருத்தரா கூப்பிட்டு 5 வார்த்தை வாசிக்க சொல்லுங்க, தெரிஞ்ச எழுத்துல புது வார்த்தையா குடுங்க, பாடத்துல உள்ளதுன்னா மனப்பாடமா ஒப்பிச்சிரும்.