கொக்கை விட்டுவிட்டுக் கத்திக் கப்பலுக்கு வாருங்கள்

வணக்கம். ஆறு வயது மகள் காணொளியைப் பார்த்துக் காகிதக் கொக்கு மடிக்க முயன்று, பாதியிலேயே கசக்கி எறிந்துவிட்டு அழுவதாகவும், அவளுக்குப் பொறுமை இல்லையோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். குறை பொறுமையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தாளிலும் தேர்ந்தெடுத்த உருவத்திலும்தான் இருக்கிறது.

கொக்குக்குச் சதுரத் தாள் வேண்டும்; வீட்டில் கிடைக்கும் ஏ4 தாளோ 210க்கு 297 மில்லிமீட்டர் அளவுடையது. அதன் குறுகிய விளிம்பை நீள விளிம்போடு சேர்த்து மடித்து, மிஞ்சும் 87 மில்லிமீட்டர் பட்டையை வெட்டி நீக்கினால்தான் சதுரம் கிடைக்கும். அந்தச் சதுரம் சற்றே கோணினாலும், முதல் மடிப்பில் விழும் சிறு பிசகு அடுத்தடுத்த மடிப்புகளில் பெருகி, கொக்கின் கழுத்துக்கு வரும்போது தடித்துப்போன தாள் பிஞ்சு விரல்களுக்கு அடங்காது. எனவே செய்தித்தாளில் முதலில் சாதாரணக் கப்பலும், பிறகு கத்திக் கப்பலும் செய்யட்டும். விளிம்போடு விளிம்பைப் பொருத்தி, நகத்தால் நீவிவிடும் பழக்கம் அதிலேயே வந்துவிடும். (நீங்கள் வாங்கி மடித்துக் கொடுத்துவிடாதீர்கள்; உங்களுக்கென ஒரு தாளோடு பக்கத்தில் அமர்ந்துகொள்ளுங்கள்.)

இதனால் கற்பனை வளருமா என்றும் கேட்டிருந்தீர்கள். கப்பலில் யார் போகிறார்கள் என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள்; என் மகன் ஒரு கட்டெறும்பை மாலுமியாக்கி, அதற்குச் சர்க்கரையில் சம்பளமும் கொடுத்தான். கணக்கும் கூடவே வரும். 1893இல் சென்னையில் கணிதவியலர் சுந்தர ராவ் வெளியிட்ட வடிவியல் நூல் காகித மடிப்பையே அடிப்படையாகக் கொண்டது. மழலையர் கல்வியின் மடிப்புப் பயிற்சியே அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது. கப்பலைப் பிரித்து, மடிப்புக் கோடுகளில் எத்தனை முக்கோணங்கள் தெரிகின்றன என்று அவளை எண்ணச் சொல்லுங்கள்.