மகள் ரேடியோ வானியல் படிக்கக் கேட்டால்

வணக்கம் சார்.

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பாப்பா ரேடியோ வானியல் (விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆராயும் துறை) பக்கம் போக ஆசைப்படுகிறாள், அந்தத் துறையில் நாலைந்து வேலைகூட இருக்காதே என்று மேலூரிலிருந்து கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். நிரந்தர வேலைகள் குறைவு என்பது உண்மைதான், மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு வானாய்வகத்தின் மதிப்பை அங்கே சம்பளம் வாங்குபவர்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்க்காதீர்கள். அங்கே எடுத்த தரவை வைத்து யார் யார் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

புனேக்கு வடக்கே கோடாட்டில் இருக்கும் ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கியில் 45 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாக்கள் 30 உண்டு. எந்த நாட்டு ஆய்வாளரும் விண்ணப்பித்து அதில் நேரம் கேட்கலாம். குறிப்பிட்ட காலம் கழிந்தபின் அந்தத் தரவு எல்லாருக்கும் பொதுவாகிவிடும். 150 மெகாஹெர்ட்ஸில் அங்கே எடுத்த ஒரு வான் கணக்கெடுப்பின் தரவைப் பின்னாளில் வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் தலைமையில் ஒரு குழு மறுபடி அலசி, 2017-இல் ஏறத்தாழ 6.2 லட்சம் ரேடியோ மூலங்களின், அதாவது ரேடியோ அலை வெளியிடும் வான்பொருள்களின், பட்டியலை வெளியிட்டது. இன்றைக்கும் உலகமெங்கும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். பாப்பா மதுரையில் உட்கார்ந்தபடியே அந்தப் பட்டியலை இறக்கிப் பைத்தான் என்ற நிரல் மொழியில் வேலை பார்க்கலாம்.

கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்த்தும் மயங்க வேண்டாம். 2023 ஜூனில் விண்வெளியெங்கும் பரவியிருக்கும் ஈர்ப்பலைகளின் (ஈர்ப்புவிசையால் வெளியில் எழும் அதிர்வுகள்) மெல்லிய முழக்கத்துக்குச் சான்று வெளியானபோது, ஐரோப்பியர்களோடு ஜிஎம்ஆர்டி தரவைத் தந்த இந்தியக் குழுவும் அதில் இருந்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் இப்படிப்பட்ட கூட்டுக் கட்டுரைகளில் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் வரும். யார் எந்த வேலையைச் செய்தார் என்பது அதில் தெரியாது. சின்னக் கட்டுரைகளில் முதல் பெயரைப் பாருங்கள். பல இடங்களில் அது ஒரு பிஎச்.டி. மாணவருடையதாக இருக்கும். வானியல் கட்டுரைகளைத் தேடித் தரும் நாசா ஏடிஎஸ் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடினால், இப்போது எந்த நிறுவனத்திலிருந்து எழுதுகிறார் என்பது கட்டணமில்லாமல் கிடைக்கும். கல்லூரி விளம்பரத்தைவிட நம்பகமான தகவல் இது.

ஊட்டி ரேடியோ தொலைநோக்கியிலும் இளைஞர்களின் பங்கு அப்படித்தான். 530 மீட்டர் நீளம், 1970-இல் செயலுக்கு வந்தது. நிலா ரேடியோ மூலங்களை மறைக்கும் நொடிகளைப் பதிந்து அந்த மூலங்களின் அளவைக் கணித்தவர்களில் பலர் அப்போது இளைஞர்கள்.

சரி, செலவு விஷயம். பெரும்பாலும் எம்.எஸ்சி. முடித்து ஜெஸ்ட், கேட், நெட் போன்ற தகுதித் தேர்வுகள் வழியாகப் பிஎச்.டி.க்குப் போக வேண்டும். பிஎச்.டி. தொடக்க ஆண்டுகளுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வாடகைப்படி தனி. பிஎச்.டி. முடிக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும், அப்புறம் போஸ்ட்டாக் என்னும் தற்காலிக ஆய்வுப் பணி. கல்யாணப் பேச்சை அதுவரை தள்ளிப்போட உங்கள் வீடு தயாரா என்று இப்போதே பேசிவிடுங்கள். பாதியில் மனம் மாறினாலும் சிக்னல் பிராசசிங் (அலைக் குறிகளை அலசுவது), லினக்ஸ், நிரல் எழுதுவது எல்லாம் கைவசம் இருக்கும். தரவு சார்ந்த வேலைக்கு அது போதும்.

பாப்பாவை என்னிடம் அழைத்து வரும்போது, அவளே தேடி வாசித்த ஒரே ஒரு கட்டுரையை எடுத்து வரச் சொல்லுங்கள். அதன் முதல் ஆசிரியர் எங்கே படித்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்று மூன்று பேரும் சேர்ந்து பார்த்துவிடலாம்.