நமக்குள்ள என்ன?

அன்புள்ள ஐயா,

எனக்கு 29 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைனர். டி-ஷர்ட் பிரிண்டுக்குப் படம் போடுவது வேலை. ஆர்டர் கொடுக்கும் பையர் கேட்கிறபடி ஒரே புலித்தலைக்குப் பத்துத் தடவை நிறம் மாற்றிவிட்டு வீடு வர இரவு எட்டாகிவிடும். அப்புறம் உட்கார்ந்து தெரிந்தவர்களின் புத்தகங்களுக்கு அட்டை வரைகிறேன். இதுவரை 11 அட்டைகள். மூன்றுக்குத்தான் பணம் வந்தது, மற்றவர்களிடம் கேட்கக் கூச்சம், நண்பர்கள்தானே. இந்த வேலை எனக்குள் இருக்கும் ஓவியரைக் கொன்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. வேலையை விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

வேலை யாரையும் கொல்லாது. எழுத்தாளர் ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டேதான் எழுதினார். ஓவியர் எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்தவர். செயற்கை நுண்ணறிவு பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

போகிற போக்கில் 'நண்பர்கள்தானே' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல்தான். எட்டு அட்டை! ஒன்றுக்கு நான்கு இரவு என்று வைத்தாலும் 32 இரவு. அச்சகத்துக்காரர் சும்மா அடித்துக் கொடுத்தாரா? பைண்டிங் செய்தவருக்குக் கூலி போயிருக்கும், பார்சல் ஆபீசுக்குப் பணம் போயிருக்கும், வரைந்த உங்களுக்கு மட்டும் 'சூப்பர் மேடம்' என்று ஒரு வாட்ஸப்.

பதினேழு வயதில் கோவில்பட்டியில் போர்டு எழுதும் அண்ணாச்சி ஒருவரிடம் எடுபிடியாக இருந்தேன். ஃப்ளெக்ஸ் வராத காலம். பெயிண்ட் கலக்குவதும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவுவதும் என் வேலை. ஒரு கடைக்குப் போனால் அண்ணாச்சி முதலில் எடுப்பது டேப்பை. நீள அகலம் அளந்து, சட்டைப்பை நோட்டில் பென்சிலால் பெருக்கி, சதுர அடிக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு, பாதி இப்போதே என்று கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்வார். பணம் கைக்கு வந்த பிறகுதான் நீலப்பொடி தடவிய நூலின் ஒரு முனை என் கைக்கு வரும். நான் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொள்வேன், அவர் நடுவில் இழுத்து விடுவார், டப்பென்று ஒரு நீலக்கோடு விழும்.

ஒருமுறை அவருடைய மச்சினரே பலசரக்குக் கடை திறந்தார். டேப்பைப் பார்த்ததும், "நமக்குள்ள என்ன அத்தான்" என்று சிரித்தார். "நமக்குள்ளங்கிறதாலதான் மாப்ள இப்பவே சொல்லிருதேன், பின்னால கேட்டா ரெண்டு பேருக்கும் மனசு கசந்துபோவும்" என்றார் அண்ணாச்சி. மச்சினர் பேசாமல் போய்க் கல்லாவைத் திறந்தார். அன்றைக்கு 'ஸ்டோர்ஸ்' என்பதில் முதல் 'ஸ்' வளைவுக்கு மட்டும் அண்ணாச்சி அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் காராச்சேவு தின்றார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளத்துக்கு வரைகிற புலித்தலை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி கம்பெனிக்குச் சொந்தம். காசு வாங்காமல் வரைந்த எட்டு அட்டைகள் அப்படியில்லை, நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அந்த உரிமை கைமாறும். எத்தனை வருடம் என்று அதில் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டோடு சரி. சிறுதொழில் செய்பவர்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். அதைச் செய்துவிட்டால், இனி வரையும் அட்டைகளுக்கு 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்து என்ன, வாய் திறக்க வேண்டியது நீங்கள்தானே.

வேலையை விடுவதா? இந்தக் கூச்சத்தோடு விட்டால் மூன்றாவது மாதம் வாடகைக்குத் தவிப்பீர்கள். இப்போதைக்கு இருங்கள். இவ்வளவு திட்டுவது, 32 இரவு கண்விழித்த பெண்ணை நினைத்தால் மனசு தாங்காததால்தான். இன்றிரவு எதையும் வரைய வேண்டாம். எட்டுப் பேருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். தொகையை எண்ணில் போடுங்கள், தேதி போடுங்கள். 'முடிந்தால்', 'சிரமமில்லை என்றால்' எல்லாம் வேண்டாம். எத்தனை பேர் பதில் போட்டார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.