பிறந்தபோது ‘பாஸ்’, வகுப்பில் பாதிதான் கேட்கிறது

கேள்வி: எங்கள் மகளைக் கைக்குழந்தையாக இருந்தபோது சட்டப்படி தத்தெடுத்தோம். பெற்ற தாய்க்குக் கர்ப்ப காலத்தில் மதுப்பழக்கம் இருந்ததாக அவளுடைய மருத்துவக் குறிப்பில் உள்ளது. பிறந்த சில நாட்களில் செய்த காது பரிசோதனையில் ‘பாஸ்’ என்று பதிவாகியிருக்கிறது. இப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் பேசுவதைப் புரிந்துகொள்கிறாள். வகுப்பில் ஆசிரியை சொல்வதில் பாதியை விட்டுவிடுகிறாள். சளி பிடித்தால் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள். தாயின் குடிப்பழக்கம் அவள் காதைப் பாதித்திருக்குமா? ‘பாஸ்’ ஆன குழந்தைக்கு மறுபடியும் பரிசோதனை தேவையா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: கட்டாயம் தேவை. பச்சிளங்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் செய்யப்படுவது ஓ.ஏ.இ. என்ற பரிசோதனை. உட்செவியில் உள்ள காக்ளியாவின் நுண்மயிர் செல்கள் அன்றைய தினம் வேலை செய்தனவா என்பதை மட்டுமே அது காட்டும். அங்கிருந்து செவி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்கும், பின்னர் மூளையின் மேற்பகுதிக்கும் ஒலி ஒழுங்காகச் சென்று சேர்கிறதா என்பதை அது சோதிப்பதில்லை. பிறந்து பல மாதங்களுக்குப் பிறகு நடுச்செவியில் நீர் கோத்தாலும் பழைய ‘பாஸ்’ சீட்டுக்கு அது தெரியப்போவதில்லை. கருவில் மதுவுக்கு ஆளான குழந்தைகளைப் பொறுத்தவரை, இந்தப் பரிசோதனை தொடாத இடங்களில்தான் நாம் அதிகம் தேட வேண்டியிருக்கிறது.

தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடப்பதால், தாயின் இரத்தத்தில் உள்ள அதே அளவை ஒட்டி சிசுவின் இரத்தத்திலும் அது சேர்கிறது. அதைச் சிதைக்கும் திறன் சிசுவின் கல்லீரலுக்கு மிகக் குறைவு; பனிக்குட நீரிலும் மது தங்கிவிடுவதால், தாய்க்குப் போதை தெளிந்த பிறகும் சிசு அதிலேயே மிதந்துகொண்டிருக்கிறது. உட்செவியின் முதல் அடையாளம் கருவின் 4ஆம் வாரத்தில் தோன்றுகிறது. 10ஆம் வாரத்தையொட்டி காக்ளியா தன் இரண்டரைச் சுற்றுகளை ஏறக்குறைய முடித்துவிடுகிறது. நடுச்செவியின் சிற்றெலும்புகள், தாடை, அண்ணம் ஆகியவற்றை உருவாக்கும் நரம்பு முகட்டு செல்கள் இடம்பெயரத் தொடங்குவதும் அந்தத் தொடக்க வாரங்களில்தான். பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாத அந்த நாட்களில், மது இந்தச் செல்களை எளிதில் மடியச் செய்கிறது. கடைசி மூன்று மாதங்களில் அருந்தும் மதுவின் இலக்கு வேறு: செவிப் பாதையில் உள்ள நரம்பிழைகள் மைலின் என்ற கொழுப்பு உறை பெற்று, தகவலை விரைவாகக் கடத்தப் பழகும் பருவம் அது. ஆகவே எப்போது குடித்தார், ஒரே வேளையில் எவ்வளவு குடித்தார் என்பதைப் பொறுத்து ஒரு குழந்தைக்கு எலும்பிலும் இன்னொரு குழந்தைக்கு நரம்பிலும் குறை நேரலாம். எந்தக் குறையும் இல்லாமலும் போகலாம்.

இந்தப் பாதிப்புகளை 1968இல் பிரான்சில் லெமுவான் என்ற மருத்துவரும், 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜோன்ஸ், ஸ்மித் ஆகியோரும் எழுதி வைத்தார்கள். சிறிய கண் பிளவு, தட்டையான மேலுதட்டுப் பள்ளம், மெல்லிய மேலுதடு என்ற முக அடையாளங்கள் அப்போதே பதிவாயின. காதின் மீது கவனம் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், கருவில் மதுவால் நேரும் இந்தப் பாதிப்புகளின் தொகுப்பான ‘ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்’ உள்ள 14 குழந்தைகளில் 13 பேருக்கு நடுச்செவியில் அடிக்கடி நீர் கோத்திருந்தது. 4 பேருக்கு நரம்பு சார்ந்த கேட்பிழப்பு இருந்தது. எண்ணிக்கை சிறியது, அனைவரும் தீவிர பாதிப்புள்ளவர்கள். பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் இதே அளவைக் காட்டவில்லை. எனவே இந்த விகிதத்தை உங்கள் மகளுக்குப் பொருத்திப் பார்த்துக் கலங்க வேண்டாம். முகத்தில் அந்த அடையாளங்கள் இல்லாததாலேயே பாதிப்பு இல்லை என்று முடிவு கட்டுவதும் சரியாகாது.

நீங்கள் எழுதியிருப்பதில் என் கவனத்தை ஈர்த்தது, சளி பிடிக்கும்போது அவள் சத்தத்தைக் கூட்டி வைப்பது. மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் எல்லாக் குழந்தைகளுக்கும் குட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால், அது எளிதில் அடைபட்டு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குகிறது. முகம், அண்ணம் ஆகியவற்றின் அமைப்பில் சிறு மாறுதல் இருந்தாலும் இந்தத் தொல்லை கூடும். வலியோ காய்ச்சலோ இல்லாத இந்த நீர் ஏறக்குறைய 20 முதல் 30 டெசிபல் வரை கேட்பைக் குறைத்துவிடுவதால், குழந்தை செவிடாகத் தெரியாது. சொல் பேச்சு கேட்காத பிள்ளையாகத்தான் தெரியும். பெரும்பாலும் இது தானாகவே வற்றிவிடும். இரு காதுகளிலும் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்துக் கேட்பும் குறைந்திருந்தால், குரோமெட் என்ற சிறு குழாயைப் பொருத்துவது பற்றி உங்கள் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பேசுவார். (எண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடும் வழக்கம் வீட்டில் இருந்தால் நிறுத்திவிடுங்கள், அது செவிப்பறையைத் தாண்டிச் செல்லாது.)

காதில் நீர் இல்லை, எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராமும் சரியாக இருக்கிறது என்றால், அடுத்து மூளை ஒலியைக் கையாளும் விதத்தைப் பார்க்க வேண்டும். கருவில் மதுவுக்கு ஆளான குழந்தைகள் சிலருக்கு மூளைத்தண்டு ஒலிக்குப் பதில் காட்டத் தாமதிப்பது, அந்தப் பதிலை மின் அலைகளாகப் பதிவு செய்யும் பெரா பரிசோதனையில் தெரிகிறது. பள்ளி செல்லும் முன் வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகளில் மூளையின் மேலடுக்கான புறணியின் பதிலும் பிந்தியே வந்தது. தாமதம் நொடியின் மிகச் சிறு பகுதிதான். ஆனால் மின்விசிறியின் இரைச்சலும் நாற்பது பிள்ளைகளின் சலசலப்பும் கலந்த வகுப்பறையில், ஒன்றுபோல் ஒலிக்கும் எழுத்துகளைப் பிரித்தறிய அந்தச் சிறு தாமதமே தடையாகிவிடுகிறது. வீட்டில் புரிந்துகொள்பவள் வகுப்பில் தவறவிடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். இதே குழந்தைகளுக்குக் கவனக் குறைபாடும் அடிக்கடி சேர்ந்தே வருவதால், காது கேட்கவில்லையா, மனம் நிற்கவில்லையா என்பதைப் பிரித்தறிவது எங்களுக்கே எளிதல்ல.

எல்லாவற்றையும் மதுவின் மீது சுமத்தவும் நான் தயாராக இல்லை. குறைமாதப் பிறப்பு, குறைந்த எடை, கடும் மஞ்சள் காமாலை, தீவிர சிகிச்சைப் பிரிவில் தரப்பட்ட ஜென்டாமைசின் போன்ற மருந்துகள், கருவில் ரூபெல்லா அல்லது சைட்டோமெகலோ வைரஸ் தொற்று, பரம்பரைக் காரணங்கள் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தே கேட்பைக் கெடுக்க வல்லவை. தத்தெடுத்த இடத்தில் அவளுடைய பிறப்புக் குறிப்பைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் செவிப்பறையைப் பார்த்து, செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரியும், இரு காதுகளுக்கும் தனித்தனியே ஆடியோகிராமும் செய்யச் சொல்லுங்கள். ஆறு வயதுக் குழந்தை இதற்கு நன்றாக ஒத்துழைப்பாள். இயன்றால் ஒருமுறை சளி இருக்கும் நாளிலும் ஒருமுறை இல்லாத நாளிலும் செய்யலாம். பிறகு ஓ.ஏ.இ., பெரா ஆகியவற்றின் தேவையை ஆடியாலஜிஸ்ட் (கேட்புத் திறன் வல்லுநர்) முடிவு செய்வார். பேச்சு, மொழி வளர்ச்சியை ஸ்பீச் தெரபிஸ்ட்டும், கவனத்தையும் கற்றலையும் குழந்தை வளர்ச்சி மருத்துவரும் மதிப்பிட வேண்டும். இவற்றுக்கு அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தை அணுகலாம். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் 18 வயது வரை அங்கே கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள்.

பள்ளியில் செய்ய வேண்டியவற்றுக்குப் பரிசோதனை முடிவுகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மின்விசிறிக்கும் வாசலுக்கும் தள்ளி, ஆசிரியையின் முகம் தெரியும்படி முன் வரிசையில் அவளை அமர்த்தவும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளையைச் சொல்லி அதை அவளையே திருப்பிச் சொல்ல வைக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்ற தாயைப் பற்றிய செய்தி ஆசிரியைக்குத் தெரிய வேண்டியதில்லை. இரைச்சலில் கேட்கச் சிரமப்படுகிறாள் என்பது மட்டும் போதும். ஒலியை மூளை கையாளும் விதத்தை முறையாக அளக்கும் பரிசோதனைகள் பொதுவாக ஏழு வயதுக்கு மேல்தான் நம்பகமாக அமையும் என்பதால், தேவைப்பட்டால் அதை அடுத்த ஆண்டு செய்துகொள்ளலாம். அப்போது ஆங்கிலச் சொற்களை ஒலிக்கவிட்டு மதிப்பெண் போடாமல், அவள் வீட்டில் பேசும் தமிழிலேயே சோதிக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.