பாடுவது யார், கேட்பது யார்?

கேள்வி: பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நடத்துகிறேன். கரும்பு வெட்டும் பெண்ணே பாடுவதாகப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். உணர்ச்சி என்ன என்றால் எல்லோரும் ‘சோகம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எப்படித் திருத்துவது?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: டர்பன் இருக்கும் நம் தென்னாப்பிரிக்க நேட்டால் பகுதிப் பிள்ளைகளுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. 1860இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனுக்கு முதல் கப்பல் வந்த நாள் முதல் கரும்பு நம் வீட்டுக் கதைதானே! ஆனால் இந்தப் பாட்டு பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த இந்தியப் பெண்களைப் பற்றியது. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிறகு அவர், அங்கு, எங்கள் போன்ற சொற்களைப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். ‘கரும்புத் தோட்டத்திலே – அவர் கால்களும் கைகளும் சோர்ந்து விழும்படி’ என்று தொடங்குகிறது பாட்டு. அந்தப் பெண்ணே பாடினால் ‘என் கால்கள்’ என்றல்லவா வரும்? ஆக, பாடுபவர் கடலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். கொஞ்சம் தள்ளி, ‘எங்கள் பெண்கள் அழுதசொல்’ என்கிறார். அதுவரை ‘அவர்’ என்றிருந்தவர்கள் அங்கே சொந்தமாகிவிடுகிறார்கள். இந்த மாற்றத்தைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திச் சொல்ல வேண்டாம்.

அடுத்து, யாரை அழைத்துப் பேசுகிறார்? தெய்வத்தை, காற்றை, முடிவில் காளியை. பாடுபவர் போக முடியாத தீவுக்குக் காற்று போய்வரும். அதனால்தான் ‘அழுங்குரல் கேட்டிருப்பாய் காற்றே’ என்று அதனிடம் விசாரிக்கிறார். அந்த இடத்தில் ‘விம்மி’ என்ற சொல் நான்கு முறை அடுக்கி வருகிறது. வாய்விட்டுப் படிக்க வையுங்கள், மூச்சு முட்டும். உள்ளத்து உணர்ச்சி வெளியே தெரிவதை மெய்ப்பாடு என்பார்கள்; தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் இது அழுகை. காளியை அழைக்கும்போது வெகுளியும், அதாவது கோபமும், சேர்ந்துவிடுகிறது. எனவே ‘சோகம்’ என்பது பாதி விடைதான். உணர்ச்சியின் பெயரோடு, அதைக் காட்டும் சொல்லையும் எழுதினால் மட்டுமே முழு மதிப்பெண் கொடுங்கள்.

கேள்வி: அதே பாட்டில் ‘செக்கு மாடுகள் போல்’ உவமை, ‘துன்பக் கேணி’ உருவகம் என்று பிள்ளைகள் சரியாகவே எழுதுகிறார்கள். அது போதாதா?

பதில்: போதாது. பெயர் சூட்டியதும் நின்றுவிடுவதுதான் வழக்கமான குறை. ‘கடினமாக உழைக்கிறார்கள்’ என்று விளக்கம் எழுதினால், ஏர் மாடும் வண்டி மாடும்கூட அப்படித்தானே? செக்கைப் பார்த்தறியாத பிள்ளைகளுக்குப் பலகையில் படம் போடுங்கள்: நடுவில் உரல், அதைச் சுற்றி ஒரே வட்டத்தில் மாடு. எவ்வளவு நடந்தாலும் அது எந்த ஊருக்கும் போய்ச் சேராது; எண்ணெயும் அதற்கில்லை. இந்த இரண்டும் விடையில் வர வேண்டும். கேணிக்கும் அப்படியே: ஆழம், உள்ளே விழுந்தவர் தாமாக ஏறிவர முடியாமை. துன்பத்தைக் கடல் என்றிருந்தால் என்ன மாறும் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் நடக்கும்.