துன்பம் கடவுளை மறுக்குமா?

கேள்வி: உலகில் இவ்வளவு துன்பம் இருப்பதே கடவுள் இல்லை என்பதற்குப் போதும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: எந்தக் கடவுள் என்பதை முதலில் இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள். எல்லாம் வல்ல, எல்லாம் அறிந்த, முற்றிலும் நல்ல கடவுளைத்தான் இந்த வாதம் தொடும். மூன்றில் ஒன்றைத் தளர்த்தினால் வாதம் விழுந்துவிடும். ஆனால் பக்தர் வணங்குவது அந்தக் கடவுளைத்தானா என்று கேட்க வேண்டிவரும்.

வாதம் இரு வகை. கடவுளும் தீமையும் சேர்ந்திருப்பதே தர்க்க முரண் என்பது முதல் வகை; தத்துவவாதி ஜே. எல். மேக்கி (1955) வைத்தது. இதை உடைப்பது எளிது. தீமையை அனுமதிக்க நியாயமான காரணம் இருக்க முடியும் என்று காட்டினால் போதும். அதுதான் உண்மைக் காரணம் என்று நிறுவ வேண்டியதில்லை. மனிதரின் சுதந்திர விருப்பத்தை முன்வைத்து ஆல்வின் பிளாண்டிங்கா 1974-இல் அதைச் செய்தார். எனவே நண்பர் ‘போதும்’ என்பது மிகை.

இரண்டாம் வகை, வில்லியம் ரோ 1979-இல் வைத்த வாதம்; அதற்கு இந்தப் பதில் செல்லாது. காட்டுத்தீயில் வெந்து, யார் கண்ணிலும் படாமல் நாள்கணக்கில் துடித்துச் சாகிறது ஒரு மான்குட்டி. அதில் யாருடைய விருப்பமும் இல்லை, யாரும் பாடம் கற்கவும் இல்லை. இது நிரூபணம் அல்ல, சான்று. ‘ஏதாவது காரணம் இருக்கலாம்’ என்பதால் சான்றின் எடை குறைந்துவிடாது. நமக்குப் புலப்படாததால் காரணமே இல்லை என்றாகாது என ஸ்டீபன் வைக்ஸ்ட்ரா 1984-இல் மறுத்தார். வலுவான மறுப்புதான். ஆனால் கடவுளின் நோக்கம் அவ்வளவு எட்டாதது என்றால், அவர் வாக்குறுதியை மட்டும் எப்படி நம்புவது? துன்பம் கடவுளுக்கு எதிரான சான்றாகவே நிற்கிறது. மற்ற சான்றுகளோடு சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

கேள்வி: கர்மக் கொள்கை இதைத் தீர்த்துவிடாதா?

பதில்: பாதி தீர்க்கும். கடவுள் பாரபட்சமானவர், இரக்கமற்றவர் என்ற குற்றச்சாட்டை வேதாந்தத்தின் மூலநூலான பிரம்ம சூத்திரமே (2.1.34) எடுத்துக்கொண்டு, உயிர்களின் வினையைப் பொறுத்தே படைப்பு என்கிறது. மழை எல்லா விதைக்கும் பொது, முளைப்பது விதைக்கேற்ப என்று விளக்குகிறார் சங்கரர். முதல் வினை எப்படி வந்தது என்றால், அடுத்த சூத்திரம் அதை அனாதி, அதாவது தொடக்கமே இல்லாதது என்கிறது.

யாருக்கு எவ்வளவு துன்பம் என்பதற்கு இதில் விடை உண்டு. இவ்வளவு வலி தரும் ஏற்பாடே எதற்கு, கடவுளால் வினையைத் தள்ளுபடி செய்ய முடியாதா என்பவை மிச்சம். இன்னொன்று: குழந்தையின் நோய்க்கு அதன் பழவினையே காரணம் என்று பெற்றோரிடம் சொல்பவர், யாராலும் சோதித்துப் பார்க்க முடியாத குற்றத்தை அந்தப் பிஞ்சின் மேல் சுமத்துகிறார். கொள்கையை ஏற்பவர்கள்கூட அதைச் சொல்லாமல் இருக்கலாம்.